கெத்தாராமவின் தறப்பாள்கள்

புதுக்கடையிலிருந்து அதிக தூரமில்லாத மாளிகாவத்தையில், கெத்தாராம விகாரையை அண்டிய சதுப்பு நிலத்தில் அமைக்கப்பட்டு 1986இல் திறக்கப்பட்டது ஆர். பிரேமதாச விளையாட்டரங்கு. ஆதலால் மழைக்கு முன்னேற்பாடு செய்வது அங்கு ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

இங்கிலாந்தில் ஆடுகளத்தையும் அதனைச் சூழ்ந்த பகுதியையும் மூடினாற் போதும் என்பது நீண்டகால வழக்கம். கொழும்பு மழைக்கு அது போதாது. இங்கே முழு மைதானமும் தறப்பாள்களால் மூடப்படுகின்றது. முகில் கறுத்ததும் பணியாளர்கள் கூட்டமாக ஓடிவந்து அவற்றை இழுத்து விரிப்பர். மழை ஓய்ந்ததும் தேங்கிய நீர் புல்லில் சிந்தாமல் எல்லைவரை இழுத்துச் சென்று வடிப்பர்.

அந்த உழைப்பையும் மழை வென்றதுண்டு. 2002 செப்டெம்பர் 29, 30 ஆகிய இரு தினங்களிலும் சாம்பியன்ஸ் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை 50 ஓவர்கள் ஆடியது. இரு தினங்களிலும் இந்தியாவின் ஆட்டம் மழையால் நின்றது. கிண்ணம் பகிரப்பட்டது.

2023 ஆசியக் கிண்ணத் தொடரையும் மழை விடாது துரத்தியது. அதன் முடிவில் கொழும்பு, கண்டி மைதானப் பணியாளர்களுக்கு 50,000 டொலர் அறிவிக்கப்பட்டது. இறுதியாட்டத்தில் 6 விக்கெட்டுகளைச் சாய்த்த முகமது சிராஜ், தமது ஆட்டநாயகன் பரிசான 5,000 டொலரையும் அவர்களுக்கே அளித்தார். ஸ்கோர் அட்டையில் ஒருபோதும் பெயர் வராத அம்மனிதர்கள் இன்றி அத்தொடர் நிறைவேறியிராது.