அவிழ்த்தால் மரம், கட்டினால் படகு

இயான் ஃபாரியர் என்ற நியூசிலாந்துக்காரர் வடிவமைத்த எஃப்-27 பாய்மரப் படகு 1985ல் வந்தது. நடுவில் ஒரு உடல், இருபுறமும் இரண்டு மிதவைகள். கரைக்கு வந்ததும் மிதவைகளை உள்ளே மடக்கினால் 19 அடி அகலம் எட்டரை அடியாகிவிடும். டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுபோய்விடலாம். சிட்னியில் இருக்கும் தங்கை மகன் அதன் வீடியோவை அனுப்பி, "மாமா, தச்சு வேலை தெரிஞ்சவர் நீங்க, பாத்துச் சொல்லுங்க" என்றான். பார்த்தேன். கீல்கள் நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் ராயப்பேட்டையிலிருந்து பைகிராப்ட்ஸ் ரோட்டைப் பிடித்துக் கிழக்கே போனால் வருகிற குப்பங்களில், கீலே இல்லாத பாய்மரப் படகைத் தினமும் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கட்டுமரத்தைத்தான் சொல்கிறேன். குப்பத்தில் அதற்குப் பெயர் வெறும் 'மரம்'. தணக்கு போன்ற இலேசான கட்டைகளை வாச்சியால் செதுக்கி, ஓரக் கட்டைகள் சற்று உயர்ந்தும் நடுக்கட்டை தாழ்ந்தும் இருக்கும்படி சேர்ப்பார்கள். முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை வைத்துக் கயிறு சுற்ற வேண்டும். சிறுவயதில் நான் வேடிக்கை பார்த்தது இந்தக் கட்டும் வேலையைத்தான். கட்டையில் ஒரு காலை முட்டுக்கொடுத்து, உடம்பையே பின்னால் சாய்த்து இழுப்பார்கள். ஆணி கிடையாது. உப்புத் தண்ணீரில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? அதோடு, இறுக்கமாகப் பூட்டிய எதையும் நம்ம ஊர் அலை உடைத்துப்போட்டுவிடும். கயிற்றுக் கட்டு கொஞ்சம் அசைந்து கொடுக்கும். மேலே விழுந்த தண்ணீர் கட்டை இடுக்கு வழியாகவே இறங்கிவிடும், இறைக்க வேண்டியதில்லை.

கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்ப்பது வெறும் வசதிக்காக இல்லை. இலேசான மரம் தண்ணீரைக் குடிக்கும், குடித்தால் கனக்கும், கனத்தால் அமிழும். அதனால் பிரித்து மணலில் காயப்போட்டாக வேண்டும். துறைமுகம் இல்லாத கரையில் முழுப்படகை இழுப்பதைவிடக் கட்டைகளைத் தனித்தனியாகத் தோளில் தூக்கிப்போவது சுலபம். மரத்தின் குறை ஒன்று, கரையின் குறை ஒன்று, இரண்டுக்கும் ஒரே கயிற்றில் வழி கண்ட இதைப் 'பழங்காலத் தெப்பம்' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

மதராஸ் பட்டணமே இதை நம்பித்தான் இருந்தது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் கரைக்குக் கொண்டுவரும். 1842ல் கட்டிய ஐஸ் ஹவுசுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பனிக்கட்டியும் இந்த அலையைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். மசூலா கவிழ்ந்தால் தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்க உடன் வந்தது கட்டுமரம். கடிதங்களை ஓலைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு கப்பலுக்குப் போனவர்களும் கட்டுமரக்காரர்கள்தான். கட்டிக்கொண்டிருந்த துறைமுகத்தை 1881 புயல் சிதைத்தது. அதற்குப் பிறகும் மரங்கள் வழக்கம்போலக் கடலுக்குப் போயின.

வெள்ளைக்காரர்களில் இதை மதித்துப் பார்த்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். மதராஸ் மாகாண மீன்துறை இயக்குநராக இருந்தவர். இந்தியப் படகுகளின் வடிவங்களைப் பற்றி 1920ல் அவர் எழுதிய நூலில் கட்டுமரத்துக்கும் இடம் உண்டு. பின்னாளில், 1979ல், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையில் இருந்தே தொடங்கியது. அலையைத் தாண்டி மணலில் ஏறுகிற புதுப் படகுக்கு அவர்களும் வரைபடம் மேல் வரைபடம் போட்டார்கள்.

எஞ்சின் வந்தது, பாய் போயிற்று. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். வேகம் அதிகம், வலைக்கும் மீனுக்கும் இடம் அதிகம். வேண்டாம் என்று யார் சொல்வார்? அதைப் பிரிக்கத்தான் முடியாது. கரையேற்ற டிராக்டர் வேண்டியிருக்கிறது.