ஒரு காப்பி முத்திரை பிறந்த கதை

மெக்சிகோவின் தெற்கே, வஹாகா மாநிலத்து மலைகளில் சபோடெக், மிஹே பழங்குடி மக்கள் காப்பி பயிரிடுகிறார்கள். நிழல் மரங்களுக்கு அடியில் குடும்பத்துக்குச் சில ஹெக்டேர், அவ்வளவுதான் நிலம். பழம் பறிப்பது, தோல் நீக்குவது, ஊறவைத்துக் கழுவுவது, களத்தில் காயப்போடுவது எல்லாம் வீட்டு ஆட்களின் வேலை. அந்த நாளில் கொட்டை மூட்டையில் ஏறியதும் அவர்கள் பிடி தளர்ந்துவிடும். சந்தைக்குப் போக வழி இருக்கவில்லை. லாரியும் தராசும் இடைத்தரகரிடம் இருந்தன. அவரை 'கொயோட்டே' என்பார்கள், நரியைப் போன்ற ஒரு விலங்கின் பெயர் அது. அறுவடைக்கு முந்தைய, கையில் காசில்லாத மாதங்களில் சோளத்துக்கும் மருந்துக்கும் அவரிடமே கடன் வாங்கியிருப்பார்கள். அதனால் அவர் சொன்னதுதான் விலை.

1980-ல் இங்கே வந்து சேர்ந்தார் பிரான்ஸ் வான் டெர் ஹாஃப் என்ற நெதர்லாந்துப் பாதிரியார். சிலியில் இருந்தவர்; 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு மெக்சிகோ வந்தார். பாதிரியாரும் கையால் உழைத்தே சாப்பிட வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே தானும் காப்பி பயிரிட்டார். ஊர் ஊராகக் கூடி உட்கார்ந்து, ஒரு கிலோவுக்கு ஆகும் செலவையும் கைக்கு வரும் காசையும் கணக்குப் போட்டார்கள். அந்தக் கூட்டங்களிலிருந்து எழுந்த 'உசிரி' கூட்டுறவு 1983-ல் பதிவானது. தரகரைத் தாண்டி நேரே விற்கத் தொடங்கியது.

ஐரோப்பாவில் நியாய வணிகக் கடைகள் அப்போதே இருந்தன. 1973 முதல் நெதர்லாந்தில் குவாத்தமாலா கூட்டுறவுக் காப்பி அப்படி விற்றது. ஆனால் அந்தக் கடைகளைத் தேடிப் போகிறவர்கள் சிலரே. ஊரே காப்பி வாங்குவது சூப்பர் மார்க்கெட்டில். உசிரி விவசாயிகள் கேட்டதும் அதைத்தான்: நன்கொடை வேண்டாம், எங்கள் காப்பியை ஒழுங்கான விலைக்கு, நிறைய வாங்குங்கள். பின்னால் வந்த நியாய வணிகக் காப்பி முத்திரையின் விதை அந்தக் கோரிக்கைதான். அதை ஐரோப்பியரின் இரக்கத்தில் பிறந்ததாகச் சொல்லும்போது விவசாயிகளின் பங்கு மறைந்துபோகிறது.

சாலிடாரிடாட் என்ற தேவாலய உதவி அமைப்பைச் சேர்ந்த நிக்கோ ரோசனும் பாதிரியாரும் சேர்ந்து இதற்கு வழி தேடினார்கள். அவர்கள் அணுகிய பெரிய காப்பி வறுப்பு நிறுவனம் இணங்கவில்லை. தனியாக ஒரு காப்பி பிராண்டு தொடங்கலாமா என்றும் பார்த்தார்கள். கடைசியில் அகப்பட்டது இன்னும் எளிய வழி: காப்பியை அவர்கள் விற்க வேண்டாம், முத்திரை மட்டும் கொடுத்தால் போதும். விதிக்கு உட்படும் எந்த நிறுவனமும் அதைத் தன் பாக்கெட்டில் ஒட்டலாம். விதிகள் இவை: சிறு விவசாயிகளின் கூட்டுறவிடமிருந்து நேராக வாங்க வேண்டும். சந்தை எவ்வளவு சரிந்தாலும் குறைந்தபட்ச விலைக்குக் கீழே போகக் கூடாது. கூட்டுறவு கேட்டால் ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம்வரை முன்பணம் தர வேண்டும். எல்லோரும் விலையைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு இந்த முன்பணம்தான் பெரிதாகத் தெரிகிறது. கொயோட்டேயின் பலம் லாரியில் பாதி, கடனில் பாதி அல்லவா?

'மேக்ஸ் ஹாவலார்' என்று பெயர் வைத்தார்கள். ஜாவா விவசாயிகளைக் கட்டாயமாகக் காப்பி பயிரிட வைத்த நெதர்லாந்து ஆட்சியை 1860-ல் முல்டாட்டுலி என்ற புனைபெயரில் வெளிவந்து அம்பலப்படுத்திய நாவலின் நாயகன் அவன். 1988 நவம்பர் 15-ல் முதல் பாக்கெட் இளவரசர் கிளாஸ் கையில் தரப்பட்டது.

எட்டே மாதங்களில் சோதனை வந்தது. நாடுகளுக்குள் ஏற்றுமதிப் பங்கு பிரித்து விலையைத் தாங்கிப் பிடித்துவந்த சர்வதேசக் காப்பி ஒப்பந்தம் 1989 ஜூலையில் முறிந்தது. சில மாதங்களுக்குள் உலக விலை ஏறக்குறைய பாதியானது. அரசுகள் கைவிட்ட பாதுகாப்பை இந்தச் சின்ன முத்திரை தன்னால் முடிந்த அளவுக்குத் தாங்கியது. 2001-ல் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே விழுந்தபோது, நியாய வணிக விலை 126 சென்ட். அந்த ஆண்டு ஒரு குடும்பம் நிலத்தை விட்டுப் போவதா, இருப்பதா என்பதை இந்த இடைவெளி முடிவுசெய்திருக்கும்.

இதே வழியில் பல நாடுகளில் எழுந்த முத்திரைகள் 1997-ல் ஜெர்மனியின் பான் நகரில் ஒரே அமைப்பாயின. வளர வளரச் சச்சரவும் வந்தது. 2011-ல் அமெரிக்கக் கிளை பிரிந்து, பெரிய எஸ்டேட்டுகளுக்கும் முத்திரை தர முன்வந்தது. எஸ்டேட் கூலித் தொழிலாளியும் ஏழைதானே என்ற அதன் வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் நிலமும் மூலதனமும் உள்ளவனோடு ஒரே அலமாரியில் போட்டியிட முடியாமல்தான் சிறு விவசாயி இந்த ஏற்பாட்டையே கேட்டான்.

விலையிலும் குறை உண்டு. 2011-ல் பவுண்டுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச விலையான 1.40 டாலர் 2023 ஆகஸ்டுவரை அப்படியே நின்றது, பிறகுதான் 1.80 ஆனது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் இலைத்துரு நோய் மத்திய அமெரிக்கத் தோட்டங்களை அழித்தது. உரமும் கூலியும் ஏறின. முத்திரை பெற்ற கூட்டுறவுகளும் விளைச்சல் முழுவதையும் அந்த விலைக்கு விற்க முடிவதில்லை. வாங்க ஆள் குறைவு. லத்தீன் அமெரிக்க, கரீபிய சிறு விவசாயிகளின் கூட்டமைப்போ 2006-லேயே தனக்கென ஒரு முத்திரையைத் தொடங்கிவிட்டது. அதன் விதிகளை எழுதுவதும் விலையை நிர்ணயிப்பதும் விவசாயிகளின் அமைப்புகளே.