தந்தையின் பெயருக்குக் கீழே

வெலிமடையைச் சூழ்ந்த தோட்டங்களில் முதியோருடன் பேசத் தொடங்கினால், கதை எப்படியும் தலைமன்னார்த் துறையில் போய் நிற்கும். தகரப் பெட்டி, பித்தளைக் குடம், அழுகை. அந்த அழுகையின் ஒரு பகுதியை மட்டுமே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம். மனம் ஒவ்வாது பிரிந்திருந்த கணவன் மனைவியருள் ஒருவர் கடல் கடக்க நேர்ந்தபோது, பிள்ளை யாருடன் இருப்பது என்பதைத் தீர்மானித்தது எது?

மலையகத் தமிழருக்கு யாழ்ப்பாணத்தின் தேசவழமை பொருந்தாது. ரோமன் டச்சுச் சட்டமே பொருந்தும். அதன்படி தந்தையே இயற்கைப் பாதுகாவலன். ஆயினும் பெற்றோர் இருவருக்கும் மேலான பாதுகாவலன் நீதிமன்றம். பிள்ளையின் நலனை அது எடைபோடலாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது! மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேரை இழக்கும் கொழுந்துக்காரி, பதுளைக்குப் போய்ப் பிரக்கிராசியாரைப் பிடித்து வழக்காடுவதை நம்மால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

ஆகவே தீர்ப்பு வேறிடத்தில் எழுதப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வம்சாவளி உரிமையைத் தந்தை வழியே வழங்கிற்று. தாய்வழி என்பது மணமின்றிப் பிறந்த பிள்ளைக்கு மட்டும். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் மேலும் ஒருபடி சென்றது. மணமானவன் 7 ஆண்டுகள் இடையறாது இங்கு வாழ்ந்திருந்தால் மட்டும் போதாது. மனைவியும் அவனைச் சார்ந்த சிறு பிள்ளைகளும் இங்கு தொடர்ந்து வாழ்ந்ததையும் காட்டவேண்டும். கோபித்துக்கொண்டு பிள்ளையுடன் திருச்சிப் பக்கத்துத் தாய்வீட்டில் நெடுநாள் தங்கியவள், தான் அறியாமலே அந்த மனுவுக்கு ஊறு செய்தவளாகக் கூடும். பிள்ளையைப் பிடித்து வைப்பது கணவனுக்குப் பாசம் மட்டுமன்று, அத்தாட்சியும் ஆயிற்று.

பின்னர் வந்தது 1964 ஒக்டோபர் 30ஆம் திகதிய ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. பின்னர் பிறக்கும் குழந்தைகளுக்கு ஒப்பந்தம் வைத்த பெயர் 'இயற்கைப் பெருக்கம்'. தலைகளை எண்ணியவர்கள், ஒரே பிள்ளையின் தாயும் தந்தையும் இரண்டு கணக்கிலும் பிரிந்து நிற்கக்கூடும் என்பதை எண்ணவில்லை. அவ்வாறு நின்ற இடங்களில், தந்தையின் பெயருக்குக் கீழே எழுதப்பட்ட பிள்ளை தந்தையோடு போயிற்று. கோத்தகிரியிலோ கூடலூரிலோ வளர்ந்த அப்பிள்ளைக்கு, ஊவாவில் நின்ற தாய் அனுப்பக்கூடியது கடிதம் ஒன்றே. எழுத்தறியாதவளாயின் அதையும் பிறரைக் கொண்டே எழுதுவிக்கவேண்டும்.

1984இல் கப்பல் நின்றது. தாய்வழியாகவும் பிரஜாவுரிமை பெறலாம் என்ற திருத்தம் வர 2003 ஆயிற்று. எல்லை கடத்திச் செல்லப்பட்ட பிள்ளைகளை மீட்பதற்கான 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இலங்கை 2001இல் தன் சட்டமாக்கிக்கொண்டது. இந்தியா இதுவரை அதில் சேரவில்லை. பாக்கு நீரிணையின் ஒரு கரையில் நிற்கும் தாய், மறுகரையிலுள்ள பிள்ளையை அந்த உடன்படிக்கையைக் காட்டிக் கேட்க இன்றும் வழியில்லை.