எஞ்சின் அறை நிறங்களும் மெருகும்: பழைய பிக்கப் வண்டி மீட்டுருவாக்கம்

பழைய பிக்கப் வண்டியை முழுதாகப் பிரித்து, துரு நீக்கி, பழையபடி சேர்க்கும் வேலையில் எஞ்சின் அறைக்கு நிறம் தேர்வது தனி ஒரு கட்டம். பானெட்டைத் தூக்கினால் தெரியும் ஒவ்வொரு பரப்புக்கும் நிறம் எது, பளபளப்பு எவ்வளவு, பூச்சு என்ன வகை என்ற மூன்றையும் அப்போது முடிவு செய்ய வேண்டும். எஞ்சின், ஃபயர்வால், உள் மட்கார்டுகள், ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம், பானெட்டின் அடிப்பக்கம், கீல்கள், தாங்கிகள், போல்ட்டுகள் எல்லாம் இதில் அடங்கும். இக்கட்டுரை அமெரிக்கப் பிக்கப்களை, குறிப்பாக 1967 முதல் 1972 வரை வெளிவந்த செவ்ரோலே சி-10 வரிசையை, எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. அமெரிக்காவில் அதிகம் மீட்டெடுக்கப்படும் பிக்கப்களில் அதுவும் ஒன்று.

பல நிறங்கள் வந்த காரணம்

தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டியின் எஞ்சின் அறை ஒரே நிறத்தில் இருந்ததில்லை. அழகுக்காக யாரும் அப்படி அமைக்கவில்லை. வேலை நடந்த வரிசையின் விளைவு அது. கேபின் ஒரு பிரிவில் உடல் நிறம் அடிக்கப்பட்டு வந்தது. ஃபயர்வால் கேபினின் முன்சுவர் என்பதால் அதுவும் அதே நிறம் பெற்றது. உள் மட்கார்டுகளும் ரேடியேட்டர் சட்டமும் வேறிடத்தில் கறுப்புப் பூசி வந்தன. எஞ்சின் தனித் தொழிற்சாலையில் சேர்க்கப்பட்டு, அங்கேயே அதன் நிறத்தைப் பெற்று வந்தது. கார்புரேட்டர், ஆல்டர்னேட்டர், பிரேக் பூஸ்டர் ஆகியவை அவற்றைச் செய்தவர்களின் மெருகோடு வந்து கடைசியில் பொருத்தப்பட்டன. ஆகவே 1967–72 செவ்ரோலே பிக்கப்பில் பொதுவாகக் காண்பது உடல் நிற ஃபயர்வால், அரைப்பளபளப்புக் கறுப்பில் உள் மட்கார்டுகளும் ரேடியேட்டர் சட்டமும், ஆரஞ்சு நிற வி-8 எஞ்சின்.

ஒரு பாகம் எங்கே, யாரால், எந்தக் கட்டத்தில் பூசப்பட்டது என்று தெரிந்தால் அதன் சரியான நிறத்தைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

எஞ்சினின் நிறம்

எஞ்சினின் நிறம் அந்தந்தக் கம்பெனியின் அடையாளமாக இருந்தது. செவ்ரோலேயின் சிறிய வி-8 எஞ்சின் 1955 மாடல் ஆண்டில் வந்தது. அந்தக் கம்பெனியின் வி-8களோடு சேர்த்தே பேசப்படும் ஆரஞ்சு 1976 வரை நீடித்தது. 1977 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பல பிரிவுகளின் எஞ்சின்களுக்கும் ஒரே நீலத்தைப் பொதுவாக்கியது. ஃபோர்டில் 1965 வரை எஞ்சின் வகைக்கும் ஆண்டுக்கும் ஏற்ப நிறம் மாறியது. 1966 முதல் நீலம் பொது நிறமானது. 1980களின் தொடக்கத்தில் அதன் இடத்தைச் சாம்பல் பிடித்தது. இதனால் நிறத்தைப் பார்த்தே எஞ்சின் மாற்றப்பட்டதா என்று சந்தேகிக்க முடியும். 1970-ஆம் ஆண்டுப் பிக்கப்பில் நீல நிற செவ்ரோலே எஞ்சின் இருந்தால், அது பிற்கால எஞ்சினாகவோ பிறகு பூசப்பட்டதாகவோ இருக்கலாம். உறுதிப்படுத்த பிளாக்கில் உள்ள வார்ப்பு எண்ணையும் தேதியையும் படிக்க வேண்டும்.

பாகங்களைச் சேர்த்த பிறகே எஞ்சினுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். ஆகவே பிளாக், சிலிண்டர் தலை, எண்ணெய்த் தொட்டி, தண்ணீர் பம்பு, உள்ளிழுப்பு மேனிஃபோல்டு ஆகியவற்றோடு அவற்றின் போல்ட் தலைகளும் ஒரே நிறமாயின. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வெறும் வார்ப்பிரும்பு. அதன் விளிம்பில் தெறித்த ஆரஞ்சு, வண்டி ஓடத் தொடங்கியதும் கருகி உதிர்ந்தது. போட்டிக்கு வரும் வண்டிகளில் அந்தத் தெறிப்பைக்கூட வேண்டுமென்றே அடித்துக் காட்டும் வேலைக்காரர்கள் உண்டு.

மூல நிறத்தைக் கண்டறிதல்

1967–72 ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில், டாஷ்போர்டுப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிய அடையாளச் சீட்டில் பெயின்ட் எண் அச்சிடப்பட்டிருக்கும். சீட்டு கிழிந்திருந்தால் வண்டியிலேயே தேட வேண்டும். ஹீட்டரின் பெட்டியைக் கழற்றினால், அது மூடியிருந்த ஃபயர்வால் பகுதியில் வெயிலும் எண்ணெயும் படாத மூலப் பூச்சு இருக்க வாய்ப்புண்டு. பலமுறை மேலே அடித்திருந்தால் ஓரிடத்தை நுண்ணிய உப்புத்தாளால் நனைத்துத் தேய்க்க வேண்டும். வட்டம் விரிய விரிய ஒவ்வொரு காலத்துப் பெயின்டும் ஒரு வளையமாகத் தெரியும். பிரைமருக்கு அடுத்து உள்ள வளையமே தொழிற்சாலை நிறம். வெயில் பட்டு வெளுத்த வெளிப்பக்கத்தைப் பார்த்து நிறம் கலக்கினால் வேறு நிறமே கிடைக்கும்.

மூல நிறத்தோடு பொருத்தும்போது மாதிரி அட்டையில் அடித்துக் காயவிட்டு, டியூப் லைட்டிலும் வெயிலிலும் வைத்துப் பார்ப்பது வழக்கம். ஓர் ஒளியில் ஒத்துப்போகும் இரண்டு நிறங்கள் இன்னோர் ஒளியில் விலகித் தெரிவதுண்டு.

பளபளப்பின் அளவு

கறுப்பு ஒன்றே என்றாலும் மெருகு பலவிதம். பளபளப்பை 60 பாகைக் கோணத்தில் ஒளியைப் பாய்ச்சி அளப்பார்கள். 70 அலகுக்கு மேல் முழுப் பளபளப்பு. 35-க்கும் 70-க்கும் இடைப்பட்டது அரைப்பளபளப்பு. 20-க்கும் 35-க்கும் இடைப்பட்டது சாட்டின். எஞ்சின் அறைக் கறுப்புக்குப் பெரும்பாலும் அரைப்பளபளப்பே தகுந்தது. முழுப் பளபளப்பில் தகட்டின் ஒவ்வொரு நெளிவும் வெளியே தெரியும். முற்றும் மங்கலில் எண்ணெய்க் கறையும் கைரேகையும் எளிதில் போகாது. 'செமி கிளாஸ்' என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் ஒரு கம்பெனியின் அளவு இன்னொன்றோடு ஒத்துப்போகாது. உள் மட்கார்டு, ரேடியேட்டர் சட்டம், தாங்கிகள் எல்லாவற்றுக்கும் ஒரே டப்பாவை, முடிந்தால் ஒரே தொகுதியில் செய்ததை, வாங்கிவைப்பதே பாதுகாப்பு.

உலோக மெருகுகள்

எஞ்சின் அறையில் கணிசமான பரப்பு பெயின்டே அல்ல. போல்ட்டுகளுக்கும் சிறு தாங்கிகளுக்கும் துத்தநாக முலாம் உண்டு. அதன்மேல் குரோமேட் கரைசலில் முக்கியெடுத்தால் வானவில் சாயலோடு மஞ்சள் பொன்னிறம் கிடைக்கும். பிரேக் பூஸ்டருக்கு அந்தக் காலத்தில் இதே பொன்னிறம் வழக்கம். அதை வெள்ளி நிறப் பெயின்டால் மூடுவதுதான் புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு. பானெட்டின் கீல் சுருள்களில் பாஸ்பேட் மெருகு காணப்படும். அது அடர்ந்த சாம்பல் கறுப்பு, எண்ணெய் தடவி வைக்காவிட்டால் துருப்பிடிக்கும். ரோச்செஸ்டர் கார்புரேட்டரின் வார்ப்பு உடல் மங்கிய பொன் நிறக் குரோமேட் மெருகோடு வந்தது. ஆல்டர்னேட்டரின் அலுமினியத்தை அப்படியே விட்டார்கள்.

மஞ்சள் குரோமேட்டில் உள்ள ஆறிணைதிறக் குரோமியம் நச்சுத்தன்மை கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் புதிய வாகனங்களில் அதை 2007 முதல் விலக்கியது. இப்போது பல முலாம் கடைகள் மூன்றிணைதிறக் குரோமியமும் சாயமும் கலந்து பழைய மஞ்சளுக்கு நெருக்கமான நிறத்தைத் தருகின்றன. அதில் வானவில் சாயல் சற்றுக் குறைவு. கேட்மியம் முலாம் ஒருகாலத்தில் எரிபொருள் இணைப்புகளில் காணப்பட்டது. அதை உப்புத்தாளால் உலர்ந்தபடி தேய்க்கக் கூடாது; கேட்மியம் தூசி ஆபத்தானது.

வெப்பமும் திரவங்களும்

நிறத்துக்கு முன்பே பார்க்க வேண்டியது வெப்பம். ரேடியேட்டர்த் தண்ணீர் 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரையில் இயங்கும். எஞ்சின் எனாமல் வழக்கமாகச் சுமார் 260 பாகையைத் தாங்கும். ஆகவே பிளாக்குக்கு அது போதும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பல நூறு பாகைக்குச் சூடாகும். அதற்குச் சிலிக்கோன் அடிப்படையிலான வெப்பப் பெயின்ட் அல்லது செராமிக் பூச்சு வேண்டும். வெப்பப் பெயின்டை அடித்ததும் எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி, அணைத்து, மீண்டும் ஓட்டிப் படிப்படியாகச் சூடேற்றினால்தான் அது நன்றாக இறுகும்.

பவுடர் கோட்டிங் உறுதியானது. 180 முதல் 200 பாகையில் அடுப்பில் வைத்து இறுக்குவார்கள். தாங்கிகளுக்கும் வால்வு கவர்களுக்கும் ஏற்றது. ஆனால் அக்காலத்துச் செம்பு–பித்தளை ரேடியேட்டர் ஈயப் பற்றவைப்பால் சேர்க்கப்பட்டது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கொண்ட கலவை 183 பாகையிலேயே உருகிவிடும். ரேடியேட்டரில் எந்தக் கலவை என்று தெரியாமல் அடுப்பில் வைத்தால் இணைப்புகள் கசியலாம். கனமான பூச்சு வெப்பம் வெளியேறுவதையும் தடுக்கும். எனவே ரேடியேட்டருக்கு மெல்லிய கறுப்புப் பெயின்ட் ஒரு மேல்பூச்சு மட்டும் போதும்.

பிரேக் ஆயில் இன்னொரு எதிரி. வழக்கமான டாட் 3 வகை கிளைக்கால் அடிப்படையிலானது. பெயின்டில் பட்டால் கொப்புளமாக்கி உரித்துவிடும். மாஸ்டர் சிலிண்டருக்கு நேர் கீழே ஃபயர்வாலில் கோடுகோடாக உரிந்திருப்பது பழைய வண்டிகளில் அன்றாடக் காட்சி. அங்கே ஒற்றைக் கூறு ஸ்பிரே பெயின்டைவிட, கெட்டியாக்கி கலந்த இரு கூறு பாலியூரித்தேன் நெடுநாள் நிற்கும். கசியும் சிலிண்டரைச் சரிசெய்யாமல் எந்தப் பெயின்ட் அடித்தும் பயனில்லை.

பூச்சுக்கு முன் வேலை

நீராவியும் கிரீஸ் நீக்கியும் கொண்டு எண்ணெயைக் கழுவுவது முதல் படி. மணல் வீச்சால் துருவை அகற்றலாம். தட்டையான தகட்டில் ஓரிடத்தில் நிறுத்தி அடித்தால் தகடு நெளிந்துவிடும். துருவின் சுவடு மிஞ்சிய இடத்தில் பாஸ்பாரிக் அமிலக் கலவை பயன்படும். பிறகு எபாக்சி பிரைமர், தேவையான இடத்தில் பட்டி, இணைப்புகளில் மூட்டுப்பசை, கடைசியில் மேல்பூச்சு. டிங்கரிங் முடியாமல் நிறத்தைத் தீர்மானிக்கும் வழக்கம் நேரத்தையும் பெயின்டையும் வீணாக்கும்.

மின் இணைப்புக்கான இடங்களைப் பிரைமருக்கு முன்பே டேப் ஒட்டி மறைக்க வேண்டும். எஞ்சினிலிருந்து ஃபயர்வாலுக்கும் சட்டத்துக்கும் செல்லும் பின்னிய செம்புப் பட்டைகள், உலோகத்தோடு உலோகம் தொட்டால்தான் வேலை செய்யும். மீட்டெடுத்த வண்டியில் விளக்கு மங்குவதற்கும் எரிபொருள் மானி தப்புக் காட்டுவதற்கும் அழகாகப் பூசி மூடப்பட்ட இந்த இடங்களே பல நேரம் காரணம்.

பாதுகாப்பு

பழைய பெயின்டுகளில் ஈயம் சார்ந்த நிறமிகள் உண்டு. உலர்ந்தபடி தேய்த்தால் தூசியாகும். நனைத்துத் தேய்த்து, கழிவைத் தனியே சேர்ப்பதே முறை. இரு கூறு பாலியூரித்தேனில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. அதற்கு வெறும் துணி மாஸ்க் போதாது. வெளிக்காற்று தரும் முகக்கவசமும் தனியறையும் வேண்டும்.

தேர்வு நெறிகள்

மீட்டுருவாக்கத்தின் நோக்கமே நிறத்தைத் தீர்மானிக்கிறது. போட்டிக்கு அனுப்புவோர் தொழிற்சாலை அளவையே பின்பற்றுவர். 1935-இல் தொடங்கிய அமெரிக்கத் தொன்மைக் கார் சங்கத்தின் மதிப்பீட்டில் முழுமை 400 புள்ளி. குறைகளுக்குப் புள்ளி கழிக்கப்படும். தொழிற்சாலை தந்ததைவிடக் கூடுதல் மெருகு ஏற்றினாலும் கூடுதல் புள்ளி கிடையாது. அன்றாடம் ஓட்டுவோர் உள் மட்கார்டுக்கு அரைப்பளபளப்புக் கறுப்பும் ஃபயர்வாலுக்கு உடல் நிறமும் வைத்து, சுலபத்தில் தொட்டுச் சரிசெய்யும் பெயின்டைத் தேர்வர். இளநிற எஞ்சினில் எண்ணெய் கசியும் இடம் உடனே தெரியும். கறுப்பில் ஒழுகல் பெருகிய பிறகே கண்ணில் படும். பழைய தோற்றத்தில் புதிய எஞ்சினைப் பொருத்துவோர் விருப்பம்போல் நிறம் தேர்வர். அவர்களும் முழு எஞ்சின் அறையையும் ஒரே நிறத்தில் மூழ்கடிப்பதைத் தவிர்ப்பது நல்லது. ஃபயர்வால், மட்கார்டு, எஞ்சின் என மூன்று வேறு நிறமோ மெருகோ இருந்தால் பாகங்களின் வடிவம் தெளிவாகத் தெரியும்.

முடிவெடுக்க முடியாதவருக்கு உடல் நிற ஃபயர்வால், அரைப்பளபளப்புக் கறுப்பு மட்கார்டு, கம்பெனியின் மூல எஞ்சின் நிறம், மெல்லிய கறுப்பு ரேடியேட்டர், வெறும் உலோகம் அல்லது துத்தநாக முலாம் கொண்ட சிறு பாகங்கள் என்பதே எந்தப் பிக்கப்புக்கும் பழுதில்லாத சேர்க்கை. அடித்த ஒவ்வொரு பெயின்டின் எண்ணையும் பெயரையும் கம்பெனியையும் எழுதி வண்டியின் ஆவணங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு ஒரு கீறலைச் சரிசெய்ய வேண்டி வந்தால் அந்தக் குறிப்பு இல்லாமல் நிறம் பொருந்தாது.