துறைமுகம் கேட்ட ஊசி

தைப்பூசத்திற்குப் பத்துமலையின் 272 படிகளை ஏறி இறங்கிய கையோடு, "அடுத்தது பழனிதான்" என்று திட்டம் போடும் குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏராளம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, விசா வந்துவிட்டது, உறவினர்களுக்கான சாமான்களும் பெட்டிக்குள் போய்விட்டன. தடுப்பூசி? "அதை யாரும் கேட்கவில்லையே!" என்பதுதான் பலரின் பதில். இந்தப் பதிலுக்குப் பின்னால் நூறாண்டுக் கதை ஒன்று உண்டு.

அவர்களின் முன்னோர் இதே கடலை எதிர்த்திசையில் கடந்தவர்கள். தோட்ட வேலைக்காக மலாயாவுக்குப் புறப்பட்டவர்கள் நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்க வைக்கப்பட்டார்கள். மருத்துவர் பரிசோதித்தார், கையில் அம்மை குத்தப்பட்டது. சென்னை மாகாணத்துக்கு அம்மைப்பால் தயாரிக்கவே 1899-ல் கிண்டியில் கிங் நிலையம் தொடங்கப்பட்டது. கடல் கடந்து வந்த பிறகும் சோதனை தொடர்ந்தது. கப்பலில் தொற்றுநோய் கண்டால், பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவில் பயணிகளைத் தனியே வைத்தார்கள்.

அம்மை குத்தியது நல்ல காரியம்தான். பெரியம்மையிலிருந்து அது தொழிலாளியையும் காத்தது. ஆனால் அதிகாரிகளின் முதல் கவலை வேறு. நோய் கப்பலேறி வந்து துறைமுகத்திலும் தோட்டத்திலும் பரவிவிடக்கூடாது என்பதே அது. வந்து சேரும் இடத்தில் அந்தத் தொழிலாளிக்கு என்ன நோய் காத்திருக்கிறது என்று யார் சொன்னார்கள்?

கிள்ளானில் காத்திருந்தது மலேரியா. 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்ட சில வாரங்களிலேயே துறைமுகத் தொழிலாளர்கள் காய்ச்சலில் சுருண்டு விழுந்தார்கள். கிள்ளானிலும் துறைமுகத்திலும் அந்த ஆண்டில் மட்டும் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் 368 பேர். அந்த நோய்க்கு அன்று தடுப்பூசி கிடையாது. மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்பதை ரொனால்ட் ராஸ் 1897-ல் செகந்திராபாத்தில் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த அறிவைக் கொண்டு கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் காட்டை வெட்டவும், சதுப்பு நிலத்தில் வடிகால் தோண்டவும் வழி செய்தார். 1902-ல் காய்ச்சல் மரணங்கள் 59 ஆகக் குறைந்தன. நகரம் தப்பியது. ஆனால் தோட்டத்து லயங்களில் இருந்தவர்கள் அதற்குப் பிறகும் பல காலம் குளிர்க்காய்ச்சலோடு போராடினார்கள்.

காலம் மாறியது. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 1980-ல் அறிவித்தது. அதன்பின் அம்மை குத்திய சான்றிதழை நாடுகள் கேட்பதும் நின்றுபோனது. "சான்றிதழ் கேட்காவிட்டால் ஊசியும் தேவையில்லை" என்ற எண்ணம் மட்டும் மக்கள் மனதில் தங்கிவிட்டது.

இன்றும் எல்லையில் கேட்கும் ஊசிகள் சில உண்டு. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளிலிருந்து வருவோரிடம் மலேசியாவும் இந்தியாவும் அதற்கான சான்றிதழைக் கேட்கின்றன. ஹஜ் பயணிகளுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். தமிழ்நாட்டுக்குப் போகும் மலேசியரிடம் இவற்றில் எதையும் கேட்பதில்லை. ஆனால் டைபாய்டும் கல்லீரல் அழற்சி 'ஏ' நோயும் பாஸ்போர்ட் பார்த்து வருவதில்லை. தண்ணீரிலும் உணவிலும் வருகின்றன. இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. ஊசி போட்ட மறுநாளே உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. அதற்குச் சில வாரங்கள் வேண்டும். ஆகவே புறப்படுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களின் மருந்துகளை, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

துறைமுகம் கேட்ட ஊசி அன்று துறைமுகத்தைக் காத்தது. தன் உடம்புக்கு எது வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தாத்தாவுக்கு இல்லை. பழனிக்குப் புறப்படும் பேரனுக்கு அது இருக்கிறது.