விளக்கும் மாடமும்



கண்டி மாநகரின் மத்திய சந்தையிலே, நன்கு கனிந்த வாழைக்குலை தொங்கும் கடையொன்றின் முன் சற்று நில்லுங்கள். பழத்தைச் சுற்றி எள்ளளவே உள்ள சிற்றீக்கள் சில பறந்து திரிவதைக் காண்பீர்கள். கடைக்காரர் கையால் விசிறி ஓட்டுவார். அவை அகன்று, மீண்டும் வந்து அமரும். அற்பமென நாம் கருதும் இவ்வுயிர், நம் உடம்பைப் பற்றிய ஓர் உண்மையை உலகுக்கு உணர்த்திய வரலாறே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிவிடுதல் நன்று. பழ ஈ என்னும் பெயர் இரு வேறு வகைகளுக்கு வழங்குகின்றது. மாம்பழத்தை அறுக்கும்போது உள்ளே நெளியும் புழுவின் தாய் ஒருவகை. அது பழத்தின் தோலைத் துளைத்து முட்டையிடும். அவ்வகையுள் ஓர் இனத்துக்கு ட்ரூ, ஹான்கொக் என்னும் பூச்சியியலார் 1994ஆம் ஆண்டிலே ‘பக்டிரோசெரா கண்டியென்சிஸ்’ எனப் பெயரிட்டு, நம் நகரின் பெயரை விஞ்ஞான ஏட்டிற் பொறித்தனர். நாம் பேசப்போவது அதுவன்று. புளிக்கத் தொடங்கிய பழத்தை நாடிவரும் ‘துரோசோபிலா’ என்னும் மற்றைய ஈயையே இங்கு கருதுகின்றோம். அமெரிக்காவிலே தோமஸ் ஹன்ற் மோகன் 1910ஆம் ஆண்டில் வெண்கண் ஈயொன்றைக் கண்டறிந்து ஆராய்ந்தது முதல், பரம்பரையியலாருக்கு இதனினும் உற்ற துணை பிறிதில்லை. ஏறத்தாழப் பத்து நாள்களில் ஒரு தலைமுறை தோன்றிவிடும்; ஒரு போத்தலுக்குள் ஒரு குலமே வாழும்.

இனி வினாவுக்கு வருவோம். நம் இரத்தத்திலுள்ள கலங்கள் நாள்தோறும் அழிகின்றன. என்பு மச்சை அவற்றை நாள்தோறும் ஈடுசெய்கின்றது. இதற்கு முதலாயிருப்பவை மூலக்கலங்கள். மூலக்கலம் பிரியும்போது, ஒரு சேய் தாயைப்போல் மூலக்கலமாகவே நின்றுவிடுகின்றது. மற்றையது முதிர்ந்து தொழில் புரியச் செல்கின்றது. ஒரே வயிற்றிற் பிறந்த இரண்டுள் ஒன்று நிற்பதும் ஒன்று செல்வதும் எதனால்? பிறப்பாலா, இருக்கும் இடத்தாலா?

இடத்தாலேயே என 1978ஆம் ஆண்டிற் கூறியவர் மான்செஸ்டர் நகரத்து ஆய்வாளர் ஸ்கோபீல்ட். சுண்டெலிகளின் இரத்தத்தை ஆராய்ந்த அவர், மூலக்கலத்தை அயலிலுள்ள கலங்களே அந்நிலையில் வைத்திருக்கின்றன எனக் கருதினார். அவ்விடத்துக்கு அவர் இட்ட பெயர், சுவரில் அமைக்கும் மாடத்தைக் குறிக்கும் சொல். நம் முன்னோர் வீட்டுச் சுவரிலே மாடம் அமைத்து விளக்கேற்றினர் அன்றோ? காற்று வீசினும் சுடர் அணையாமல் நிற்பது சுடரின் வலிமையாலன்று, மாடத்தின் காப்பினாலேயே. கருத்து அழகியது, ஆனால் மச்சையினுள்ளே எண்ணற்ற கலங்களிடையே அம்மாடத்தைக் கண்டு காட்டுவது எளிதன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது கருதுகோளாகவே நின்றது.

அதனைக் கண்ணாற் காணத் தந்தது ஈயின் சூலகம். அதன் ஒவ்வொரு சூலகத்திலும் ஏறத்தாழப் பதினாறு முதல் இருபது வரையான நுண்குழாய்கள் உள. ஒவ்வொரு குழாயின் நுனியிலும் தொப்பிபோற் சில கலங்கள். அவற்றைத் தொட்டுக்கொண்டு இரண்டு அல்லது மூன்று மூலக்கலங்கள். தொப்பிக் கலத்தைத் தொட்டு நிற்கும் சேய் மூலக்கலமாகவே இருக்கும். ஒரு கலத் தூரம் விலகிய சேயோ நான்கு முறை பிரிந்து பதினாறாகி, அவற்றுள் ஒன்று முட்டையாகும். எஞ்சிய பதினைந்தும் அதற்கு ஊட்டமளிக்கும்.

போல்ற்றிமோர் நகரிலே கார்னெகி நிறுவனத்தில் அலன் ஸ்பிராட்லிங், திங் ஷியே என்னும் இருவரும் 1998ஆம் ஆண்டில் இதன் மறையை அவிழ்த்தனர். சுருக்கமாக ‘டிபிபி’ எனப்படும் சைகைப் புரதத்தைக் குறைத்தபோது மூலக்கலங்கள் மறைந்தன. மிகுத்தபோதோ, முதிராத கலங்களே குவிந்து சூலகம் கட்டியாயிற்று, முட்டை தோன்றவில்லை. 2000ஆம் ஆண்டில் அவ்விருவருமே, மூலக்கலமொன்று அழிந்தால் அயற்கலம் பிரிந்து அதன் சேய் அவ்வெற்றிடத்திற் குடியேறுவதைக் காட்டினர். மாடம் உண்மை என்பது நிறுவப்பட்டது.

சைகை செய்வது யாது? முதிர்ச்சியைத் தொடக்கும் பரம்பரையலகு ஒன்று 1990ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டிருந்தது. அது பழுதுற்ற ஈயின் சூலகம் கோலிக்குண்டுகள் நிறைந்த பைபோலத் தோன்றியமையால், அப்பெயரே அதற்கு வாய்த்தது. டிபிபி சைகை அப்பரம்பரையலகை வாய்மூட வைக்கின்றதென்பது 2003ஆம் ஆண்டளவிற் புலனாயிற்று. சைகை எட்டாத தூரத்தில் அது வாய் திறக்கும், கலம் முதிரும். மறு ஆண்டில், முதிரத் தொடங்கிவிட்ட கலங்களும் மூலக்கலங்களாய் மீளக்கூடும் என்பதைத் தொஷியே காயும் ஸ்பிராட்லிங்கும் கண்டனர்.

ஈயின் கதை நமக்கெதற்கு என்பார் உளர். டிபிபி, மனித உடம்பில் என்பை வளரச் செய்யும் புரதங்களின் உறவு என்பது 1988ஆம் ஆண்டிலேயே தெரிந்தது. 1993இல், மனிதப் புரதத்துக்குரிய பகுதியை ஈயின் பரம்பரையலகோடு இணைத்துக் கொடுத்தபோது, ஈயின் கரு செவ்வனே உருப்பெற்றது. எனினும் மனிதப் பெண்ணின் சூலகம் ஈயினது போன்றதன்று. அவளது முட்டைகளின் முன்னோடிகள் அவள் பிறக்குமுன்னரே அமைந்துவிடுகின்றன என்பதே இன்று பெரும்பாலோர் கொள்கை. ஈ நமக்கு அளித்தது விடையன்று, நெறியே.

அந்நெறி வீட்டுவாசல் வரை வருகின்றது. மூலக்கலத்தை ஊசியால் ஏற்றிக்கொண்டால் எந்நோயும் தீரும் எனச் சிலர் விளம்பரம் செய்கின்றனர். தீராப் பிணியாளர் காணியை ஈடுவைத்தும் பணம் திரட்டுகின்றனர். மச்சை மாற்றுச் சிகிச்சை இரத்த நோய் பலவற்றிற்குப் பயன்படுதல் மெய்யே. அங்கு ஏற்றப்படும் கலங்கள் தமக்குரிய மச்சையைச் சென்றடைகின்றன. ஏற்கும் இடமும் அடக்கும் சைகையும் இல்லாவழிக் கலம் வாளா மறையலாம். கட்டுக்கடங்காது பெருகவும் கூடும். ஆதலின், அத்தகைய மருந்தை ஒருவர் கூறும்போது, “இக்கலம் எங்கே சென்று தங்கும்? அதனை அங்கே காப்பது எது?” என்று கேளுங்கள். கேட்கத் தகுந்த வினா அதுவே. அதனை நமக்குக் கற்பித்தது வாழைப்பழத்தை மொய்க்கும் அச்சிற்றீ.