டபுள் டெக்கர் கண்டக்டரும் சில பேண்ட் அளவுகளும்

லண்டன் டபுள் டெக்கர் பஸ்ஸை நேர்ல பார்க்காதவங்க கூட படத்துலயாவது பார்த்திருப்பீங்க. அந்தக் காலத்து பஸ்ல ரெண்டு பேருக்கு வேலை. முன்னாடி கூண்டு மாதிரி ஒரு கேபின், அதுக்குள்ள டிரைவர். பின்னாடி கண்டக்டர். டிரைவர் தன் ஷிஃப்ட்ல நூத்துக்குத் தொண்ணூறு பங்கு நேரம் உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்கறதுக்கு மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிக்கிட்டே இருக்கணும். ஒரு நாளைக்கு 500-லேர்ந்து 750 படி வரைக்கும்.

இந்தப் படிகளை மெனக்கெட்டு கணக்குப் பண்ணினவங்க இருக்காங்க. அந்தக் குழுவோட தலைவர் பேர் ஜெர்ரி மாரிஸ். டாக்டர். கிளாஸ்கோவில வறுமையை நேர்ல பார்த்து வளர்ந்தவர். ரெண்டாம் உலகப்போர்ல ராணுவ மருத்துவரா இந்தியாவுக்குக் கூட வந்திருக்கார். எனக்கு இந்த மனுஷன் மேல ஒரு கிறுக்கே உண்டு. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுத்துக்கோங்க மக்களே.

போர் முடிஞ்ச சமயம் பிரிட்டன்ல மாரடைப்பு ஏறிக்கிட்டே போகுது. ஏன்னு யாருக்கும் தெரியலை. இன்னைக்கு எல்.கே.ஜி. பையன் கூட கொலஸ்ட்ரால் பத்திப் பேசறான், அன்னைக்கு அதெல்லாம் கிடையாது. புகைப்பிடிச்சா நுரையீரல் புற்றுநோய் வரும்ங்கறதே 1950-லதான் உறுதியான ஆதாரத்தோட வெளிவந்தது. 1948-ல மாரிஸ் கையில ஒரு சின்ன ஆராய்ச்சிப் பிரிவு கொடுக்கப்பட்டது. அவர் கேட்ட கேள்வி ரொம்ப சாதாரணம். செய்யற வேலைக்கும் மாரடைப்புக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?

ஆய்வுக் கூடத்துல எலிகளை வெச்சு இதைக் கண்டுபிடிக்க முடியாது. அவர் போய் நின்ன இடம் லண்டன் பஸ் கம்பெனியோட லீவு ரிஜிஸ்டர். 35-லேர்ந்து 64 வயசு வரைக்கும் சுமார் 31,000 ஆம்பளைங்க. யாருக்கு எப்போ நெஞ்சுவலி வந்தது, யார் திரும்ப வேலைக்கு வந்தாங்க, யார் வரலை, எல்லாம் அதுல இருந்தது. நம்ம பாஷையில சொன்னா, புரொடக்ஷன் லாக்கை எடுத்து நோண்டியிருக்கார்.

இதுல அழகு என்னன்னா, டிரைவரும் கண்டக்டரும் ஒரே கம்பெனி, ஒரே ஊரு, ஏறக்குறைய ஒரே மாதிரி குடும்பங்கள்லேர்ந்து வந்தவங்க. ஒரே பஸ்ஸுல ஒரே புகையைத்தான் சுவாசிக்கறாங்க. பெரிய வித்தியாசம் ஒண்ணுதான். ஒருத்தர் உட்கார்ந்திருக்கார், ஒருத்தர் ஏறி இறங்கறார். யாரும் பிளான் பண்ணாம தானா அமைஞ்ச ஏ/பி டெஸ்ட்!

1953-ல லான்செட் பத்திரிகையில ரிசல்ட் வந்தது. வருஷத்துக்கு ஆயிரம் டிரைவர்கள்ல 2.7 பேருக்கு இதயநோய், கண்டக்டர்கள்ல 1.9. வந்த உடனே, முதல் சில மாசத்துலயே செத்துப் போறது கண்டக்டர்கள்கிட்ட டிரைவர்களைவிட சுமார் பாதிதான்.

எனக்குப் பிடிச்சது இதுக்கு முன்னாடி அவர் செஞ்ச காரியம். பஸ் ரிசல்ட் கையில வந்ததும் ஓடிப்போய் பேப்பர்ல போடலை. ஒரு வேளை இது பஸ்ஸுக்கு மட்டும் பொருந்தற சமாசாரமா இருந்தா? லண்டன் டிராஃபிக்ல ஓட்டற டென்ஷன்தான் டிரைவரைக் கொல்லுதுன்னா? அதனால தபால் துறைக்குப் போனார். அங்க நடந்தும் சைக்கிள்லயும் தபால் பட்டுவாடா பண்றவங்க ஒரு பக்கம், உட்கார்ந்தே வேலை பார்க்கிற குமாஸ்தாக்களும் டெலிபோன் ஆபரேட்டர்களும் இன்னொரு பக்கம். அங்கயும் அதே கதைதான்னு தெரிஞ்சப்புறம்தான் வெளியிட்டார். வேற என்விரான்மென்ட்ல ரீப்ரொட்யூஸ் ஆச்சான்னு பார்க்காம பக்-ஐ குளோஸ் பண்றவங்க இதைக் கவனிக்கவும் :-)

அப்பவும் மனுஷனுக்குத் திருப்தி இல்லை. குண்டா இருக்கறவங்கதான் டிரைவர் வேலையைத் தேடிப் போறாங்கன்னு வெச்சுக்கோங்க. அப்போ மாரடைப்புக்குக் காரணம் சீட் இல்லையே, ஆளுதானே? பஸ் கம்பெனி யூனிஃபார்ம் தைச்சுக் கொடுத்தது. தையல் கணக்குல ஒவ்வொருத்தரோட பேண்ட் இடுப்பளவும் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தாங்க. 1956-ல அதே லான்செட்ல யூனிஃபார்ம் பத்தி ஒரு ஆய்வுக் கட்டுரை! பார்த்தா, இளவயசு ஆளுங்களை எடுத்துக்கிட்டாலே டிரைவருக்கு இடுப்பு பெருசாத்தான் இருக்கு. அதாவது சந்தேகத்துல நியாயம் இருந்திருக்கு. ஆனா ஒல்லி டிரைவரை ஒல்லி கண்டக்டரோட, குண்டு டிரைவரை குண்டு கண்டக்டரோட ஒப்பிட்டுப் பார்த்தப்பவும் கண்டக்டருக்குத்தான் ஆபத்து கம்மி.

இன்னைக்கு தெருவுக்கு ரெண்டு ஜிம், கையில ஸ்டெப் எண்ற வாட்ச், பீச்சுல காலையில ஒரே வாக்கிங் கூட்டம். எல்லாத்துக்கும் ஒரு வேர் இந்த பஸ்ஸுல இருக்கு. (நம்ம சென்னை டவுன் பஸ்ல மாரிஸ் இந்த ஆராய்ச்சியைப் பண்ணியிருந்தா அவ்ளோதான். இங்க கண்டக்டர் சீட்டை விட்டு நகரமாட்டார், காசையும் டிக்கெட்டையும் கை மாத்தி கை மாத்தி அனுப்பறது நாமதான். உடற்பயிற்சி பூரா பயணிகளுக்கு!)

எங்க அப்பா கண்டக்டர். சென்னை இல்லை, வெளியூர் பஸ்ஸு. முப்பது வருஷ சர்வீஸ். தோள்ல பை, விரலிடுக்குல டிக்கெட் கட்டு, வாயில விசில், ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் இன்வாய்ஸ் எழுதணும். திருவிழா சீசன்ல கூட்டத்துக்குள்ள பூந்து பூந்து போகணும். மாரிஸ் கணக்குப்படி ஆளு கல்லு மாதிரி இருக்கணும். ஆனா ஐம்பது வயசுல சுகர், கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்குது. ரிட்டயர் ஆனப்புறம் ஒரு டாக்டர், "காலையில நல்லா வாக்கிங் போங்க, வேளாவேளைக்கு சாப்பிடுங்க, எல்லாம் உங்க கையிலதான் இருக்கு" என்றார். அப்பா வெளிய வந்து சிரிச்சார். "வேளாவேளைக்காம்டா" என்றார். ராத்திரி கடைசி டிரிப் போய் ஏதோ ஒரு கிராமத்துல நைட் ஹால்ட் போட்டு, பஸ் சீட்லயே படுத்து, நாலரை மணிக்கு எழுந்து முதல் டிரிப் எடுத்தவர். எந்த வேளை எந்த ஊர்ல போகும்னு டைம் கீப்பருக்குத்தான் தெரியும்.

அந்த 'எல்லாம் உங்க கையில'ங்கறது எனக்குள்ள மாட்டிக்கிச்சு. அதனாலதான் மாரிஸ் வேற என்னெல்லாம் செஞ்சார்னு தேடினேன். உலகம் அவர்கிட்டேர்ந்து பாதியைத்தான் எடுத்துக்கிச்சு, அந்தப் பாதிதான் ஜிம். மீதிப் பாதி பஸ்ஸுக்கு முன்னாடியே ஆரம்பிக்குது. 1942-ல ரிச்சர்ட் டிட்மஸ்னு ஒருத்தரோட சேர்ந்து, குழந்தைகளோட ருமாட்டிக் நோயும் ஏழ்மையும் எப்படி கைகோர்த்துப் போகுதுன்னு எழுதியிருக்கார்.

அடுத்து 1977. பிரிட்டன்ல இலவச மருத்துவம் வந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம். டாக்டருக்குக் காசு கொடுக்க வேண்டாம்னு ஆனப்புறம் ஏழை பணக்காரன் ஆயுள் வித்தியாசம் குறைஞ்சிருக்கணுமே? குறைஞ்சிருக்கான்னு பார்க்கச் சொல்லி தொழிற்கட்சி அரசு ஒரு குழு போட்டது. தலைவர் டக்ளஸ் பிளாக். உறுப்பினர்கள் மூணு பேர்ல ஒருத்தர் நம்ம மாரிஸ். அவங்க கண்டது: வேலை செய்யற வயசு ஆண்கள்ல, திறன் தேவைப்படாத கூலி வேலை செய்யறவங்க சாகற விகிதம், உயர்தொழில் செய்யறவங்களைப் போல ரெண்டரை மடங்கு. குழந்தை பிறந்த முதல் மாசத்துல சாகற ஆபத்து ரெண்டு மடங்கு. இடைவெளி மூடவே இல்லை. வீடு, வருமானம், வேலை, குழந்தை வறுமை, இதையெல்லாம் சரி பண்ணாம ஆஸ்பத்திரி மட்டும் கட்டினா போதாதுன்னு எழுதிக் கொடுத்தாங்க.

கொடுத்தது 1980-ல. அதுக்குள்ள ஆட்சி மாறி தாட்சர் வந்தாச்சு. அறிக்கையை அச்சடிச்சு விக்கக் கூட இல்லை. 260 சைக்ளோஸ்டைல் காப்பி எடுத்து, ஆகஸ்ட் மாசம் நீண்ட விடுமுறை வார இறுதியா பார்த்து வெளியிட்டாங்க. முன்னுரையிலேயே அமைச்சர், இதுக்கெல்லாம் ரொம்பச் செலவாகும்னு கையை விரிச்சுட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சரை மணிக்கு கெட்ட சேதி மெயில் அனுப்பற மேனேஜர்களுக்கு முன்னோடி! ஆனா அமுக்கப் பார்த்ததாலேயே அந்த அறிக்கைக்கு கிராக்கி ஏறிப்போச்சு. 1982-ல பெங்குவின் அதைப் புத்தகமாவே போட்டது.

இதுக்கு நடுவுல இன்னொரு ஆய்வையும் சொல்லிடணும், ஏன்னா அது நம்மளை மாதிரி ஏசி ரூம்ல பொட்டி தட்டறவங்களைப் பத்தினது. 1967-ல லண்டன்ல வைட்ஹால் அரசு அலுவலகங்கள்ல சுமார் 18,000 ஆண்களை எடுத்துத் தொடர்ந்து கவனிச்சாங்க. வயசு 40-லேர்ந்து 64. எல்லாருமே அரசாங்க ஊழியர், யாரும் பட்டினி இல்லை, எல்லாருக்கும் ஒரே இலவச வைத்தியம். 'பெரிய பதவி, பெரிய டென்ஷன், அதனால மாரடைப்பு'ன்னுதான் அப்போ பொதுவான நம்பிக்கை. 1978-ல மைக்கேல் மார்மட் குழு வெளியிட்ட கட்டுரை அதைத் தலைகீழாக்கிடுச்சு. அடிமட்ட ஊழியர், அதாவது பியூன் மாதிரி வேலைல இருக்கறவர், மாரடைப்பால சாகறது உச்சி அதிகாரியைப் போல 3.6 மடங்கு. இதுலயும் மேல ஒருத்தன், கீழ ஒருத்தன்னு இல்லை. ரெண்டாவது படியில இருக்கறவருக்கு முதல் படியைவிட மோசம், மூணாவது படிக்கு ரெண்டாவதைவிட மோசம், இப்படியே இறங்குது. கீழ இருக்கறவங்க அதிகமா சிகரெட் பிடிக்கறாங்க, உண்மைதான். ஆனா சிகரெட், பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாத்தையும் கணக்குல கழிச்ச பின்னாடியும் ரெண்டு மடங்குக்கு மேல வித்தியாசம் மிச்சம் நின்னுச்சு.

அந்த மிச்சம் என்ன? 1985-ல பெண்களையும் சேர்த்து 10,308 பேரோட ரெண்டாவது ஆய்வு தொடங்கினாங்க. அதுல அடிக்கடி மேல வந்த ஒரு விஷயம், தன் வேலை மேல தனக்கு எவ்வளவு பிடிமானம்ங்கறது. எதை எப்போ எப்படிச் செய்யறதுன்னு தீர்மானிக்கற உரிமை இல்லாதவங்களுக்கு இதயநோய் அதிகம். டெட்லைன் வைக்கறவரைவிட டெட்லைன் வாங்கிக்கறவருக்குத்தான் நெஞ்சு வலிக்குதுன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். இந்த ஆய்வு கிளப்பின சண்டை இன்னும் ஓயலை. உடம்பு சரியில்லாததாலதான் சிலர் மேல வரமுடியலையோன்னு கேக்கறவங்க உண்டு. கேக்கட்டும், மாரிஸும் பேண்ட் அளவை அப்படித்தானே எடுத்தார். ஆனா நைட் ஹால்ட்டை யார் தீர்மானிச்சாங்கன்னு யோசிச்சா எனக்கு இந்த வாதம் ரொம்பப் பொருந்துது.

எங்க ஆபீஸ்ல வருஷா வருஷம் மாஸ்டர் ஹெல்த் செக்கப் உண்டு. ரிப்போர்ட்டோட 'உங்கள் ஆரோக்கியம் உங்கள் பொறுப்பு'ன்னு ஒரு மெயிலும் வரும். எங்க தளத்தைத் துடைக்கிற அக்கா ஒரு நாளைக்கு நடக்கிற நடைக்கு நாங்க பத்து பேர் சேர்ந்தாலும் ஈடு கட்ட முடியாது. அவங்க கான்ட்ராக்ட், அதனால செக்கப்பும் கிடையாது, அந்த மெயிலும் கிடையாது. மெயில் கிடைக்காததுல அவங்களுக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 1948-லயே ஆரோக்கியத்துக்கு ஒரு இலக்கணம் எழுதி வெச்சிருக்கு. நோய் இல்லாம இருந்தா மட்டும் போதாது, உடம்பு, மனசு, சமூக வாழ்க்கை மூணும் முழுமையா நல்லா இருக்கணும்னு. படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இதை எப்படி அளக்கறது? ரெக்வயர்மென்ட் டாகுமெண்ட்ல 'சிஸ்டம் நல்லா வேலை செய்யணும்'னு எழுதற மாதிரி.

அளக்கற வேலையையும் மாரிஸ்தான் எடுத்துக்கிட்டார். தொண்ணூறு வயசுல! 2000-ல அவர் குழு ஒரு கட்டுரை போட்டது. கல்யாணம் ஆகாத, 18-லேர்ந்து 30 வயசுக்குள்ள இருக்கிற, வேலைக்குப் போற ஒரு ஆரோக்கியமான ஆண். அவன் ஆரோக்கியமாவே இருக்க வாரத்துக்குக் குறைஞ்சது எவ்வளவு காசு வேணும்? சத்தான சாப்பாடு, வாடகை, போக்குவரத்து எல்லாருக்கும் தோணறதுதான். கூடவே உடற்பயிற்சிக்கு ஆகற செலவு, டெலிபோன், நண்பர்களோட வெளிய போய் வர காசு. நாலு பேரோட பழக முடியாம போனாலும் உடம்பு கெடும்ங்கறதுக்கு ஆராய்ச்சி ஆதாரம் இருக்கு, அதனால அதுவும் பட்ஜெட்ல வரணும்னு வாதம். கூட்டிப் பார்த்தா 1999 விலைவாசியில சுமார் 132 பவுண்டு வந்தது. அந்த வருஷம்தான் பிரிட்டன்ல முதல் முறையா நாடு முழுக்க குறைந்தபட்சக் கூலி கொண்டு வந்தாங்க, மணிக்கு 3.60 பவுண்டு. பிடித்தம் போக வாரம் 38 மணி நேரம் உழைச்சாலும் 132 எட்டாது.

2007-ல இதே கணக்கை வயசானவங்களுக்குப் போட்டாங்க. அரசு கொடுக்கிற அடிப்படை பென்ஷனைவிட கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு தேவைன்னு வந்தது. அப்போ மாரிஸுக்கு 97 வயசு. 2009 அக்டோபர்ல, நூறாவது பிறந்தநாளுக்குச் சில மாசம் முன்னாடி இறந்துபோனார்.

அந்தப் பட்டியலை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். நண்பர்களோட வெளிய போற செலவு வந்த இடத்துல நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். தூக்கத்துக்கு எவ்வளவு போட்டிருக்கான்னும் கேட்டார்.

டிஸ்கி: உங்க வீட்லயும் டிப்போ ஆளுங்க யாராவது இருந்தா நைட் ஹால்ட், ஷிஃப்ட், சாப்பாட்டு நேரம் இதெல்லாம் எப்படி இருந்ததுன்னு கேட்டு பின்னூட்டத்துல எழுதுங்க. டிரைவர் வீட்டுக்காரங்க இருந்தா ரொம்ப விசேஷம், பேண்ட் அளவும் சேர்த்துச் சொல்லுங்க.